அர்னிஸ் வாள் பயிற்சி: டிரில் கைவசமான பிறகும் ஸ்பாரிங் ஏன் வருவதில்லை?

அர்னிஸ் என்பது பிலிப்பைன்ஸின் கம்பு, வாள், கத்திச் சண்டைக் கலை. அதைப் பயிலும் ஒருவரின் கேள்வி இது: "ஒன்றரை ஆண்டாக அர்னிஸ் பயில்கிறேன். சினவாலி, சும்ப்ராடா, ஹுபுட் என்ற ஜோடி டிரில்கள் மூன்றும் தடங்கலில்லாமல் வருகின்றன. ஆனால் ஸ்பாரிங் என்று இறங்கியதும் அவற்றில் ஒன்றுகூட வெளியே வருவதில்லை. இருவரும் மாறி மாறித் தலையிலும் கையிலும் அடித்துக்கொள்கிறோம். டிரில்கள் வீண்தானா? வாளுக்கும் கத்திக்கும் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரில்கள், அதாவது வரிசை முன்பே தெரிந்த பயிற்சிகள், வீணல்ல. டிரிலுக்கும், காப்பணிந்து தடையின்றி மோதிப் பழகும் ஸ்பாரிங்குக்கும் நடுவே நான்கைந்து படிகள் உண்டு. பெரும்பாலான பயிற்சிக்கூடங்கள் அவற்றைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன, உங்கள் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: வாளுக்கென்று சொல்லித்தரும் அசைவுகளைக் கம்பின் விதிகளோடு ஸ்பாரிங் செய்து சோதிக்கிறீர்கள். கம்பில் இரண்டடி வாங்கிக்கொண்டு மூன்றடி கொடுத்தால் ஆதாயம். வாளில் அந்தக் கணக்கே கிடையாது.

எந்தப் பரம்பரையின் டிரில் எந்த ஆயுதத்துக்கானது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. அர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று மூன்று பெயர்கள் வழங்கினாலும் அது ஒரே குடும்பத்துக் கலை. 2009 டிசம்பரில் குடியரசுச் சட்டம் 9850 அர்னிஸைப் பிலிப்பைன்ஸின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. ஆனால் உள்ளே பரம்பரைக்குப் பரம்பரை அடிப்படை அனுமானங்கள் வேறு. வெனான்சியோ பாகோன் 1952-ல் செபு நகரில் நிறுவிய பாலின்தவாக், ஒற்றைக் கம்பை நெருக்கத்தில் நின்று ஆடும் முறை. அதில் இடது கை எதிராளியின் கம்பைத் தள்ளும், பிடிக்கும், அழுத்தி வைக்கும். கம்பென்றால் அத்தனையும் சரி. பந்தாயான் தீவிலிருந்து வந்த அந்தோனியோ இலுஸ்திரிசிமோவின் வழியில் எல்லாமே வாளை முன்வைத்து நிற்கிறது: தூரம், கை வெட்டு, விலகல். தோர்த்தால் குடும்பத்துப் பெகிட்டி-தீர்சியாவும் கூர்வாளைத்தான் மையமாகக் கொண்டது. ரெமி ப்ரேசாஸ் தொகுத்த மாடர்ன் அர்னிஸ் பல முறைகளை ஒன்றாகச் சேர்த்து, பள்ளி மாணவரும் அடிபடாமல் கற்கும்படி அமைத்தது. இந்த நான்கிலிருந்தும் ஆளுக்கொன்றாக டிரில்களை எடுத்து ஒரே வகுப்பில் சொல்லித்தரும் இடங்கள் நிறைய. அது குற்றமில்லை. ஆனால் பாலின்தவாக்கின் இடது கைப் பிடியை போலோ என்ற வெட்டுவாளுக்கு அப்படியே கொண்டுபோனால் விரல்கள் போகும்.

பிலிப்பைன்ஸ் வாள்களின் கைப்பிடியைப் பாருங்கள். பாரோங்குக்குக் கைக்காப்பே இல்லை. வயலில் புழங்கும் போலோவுக்கும் இடாக்குக்கும் பெரும்பாலும் இல்லை. ஐரோப்பிய ரேப்பியர் வாளில் கையைச் சுற்றி எஃகுக் கூண்டு இருக்கும், இவற்றிலோ எதிராளிக்கு மிக அருகில் நீட்டிக்கொண்டிருப்பதே உங்கள் வெறும் கைதான். இந்தக் கலையில் கை வெட்டுக்கு இத்தனை முதன்மை வந்ததற்கு இதுதான் காரணம். நீட்டிய கையை உடனே திரும்ப இழுப்பது, இடது கையை மார்போடு வைப்பது, தூரத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பது எல்லாம் இதிலிருந்து வருபவை. ஸ்பாரிங்கில் கனத்த கையுறை போட்டுக்கொண்டு கையில் விழும் அடியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், இந்தக் கலையின் நடுப்பகுதியையே கழற்றி வைத்ததாகிவிடும்.

பிரம்பு மறைத்துவிடும் விஷயங்கள் மூன்று. வழக்கமான பயிற்சிப் பிரம்பு 28 அங்குல நீளம், ஏறத்தாழ 1 அங்குலப் பருமன், எடை 200 கிராமை ஒட்டி இருக்கும். பல போலோக்கள் அரைக் கிலோவைத் தாண்டும். ஆகவே பிரம்பில் மணிக்கட்டைச் சொடுக்கி அடிக்கும் வித்திக், அபானிகோ அடிகள் போலோவில் அதே வேகத்தில் வராது, வரவைக்க முயன்றால் முழங்கை வலி வரும். இரண்டாவது, உருண்டைக் கம்புக்கு விளிம்பு இல்லை. நீங்கள் தட்டையால் அறைந்தாலும் அதே சத்தம், அதே அடி. மூன்றாவது, கம்பைப் பிடிக்கலாம், கையால் சுற்றலாம். கம்பைத் தன் முன்கையால் பாம்புபோல் சுற்றிப் பிடுங்கும் ஆயுதப் பறிப்பு எல்லாக் கூடத்திலும் உண்டு. கூர்வாளில் அதைச் செய்தால் உங்கள் முன்கையின் உட்பக்கம் நீளவாக்கில் கிழியும். வாளுக்குப் பொருந்தும் பறிப்புகள் சிலதான்: கைப்பிடியின் அடிமுனையான புன்யோவைப் பிடித்துத் திருப்புவது, வாள் பிடித்த கையையே வெட்டி விழச் செய்வது, தட்டைப் பக்கத்தில் உங்கள் வாளை வைத்து மணிக்கட்டோடு மடக்குவது. இவற்றிலும் இரண்டாவதைத் தவிர மற்றவை தேடிப் போய்ச் செய்யத்தக்கவை அல்ல, வாய்த்தால் எடுத்துக்கொள்ள வேண்டியவை.

விளிம்பு சரியாக வருகிறதா என்று பார்க்க எளிய வழிகள் உண்டு. தட்டையான மரவாளோ அலுமினியப் பயிற்சி வாளோ வைத்துத் தனியாக வீசுங்கள். விளிம்பு நேராகப் போனால் காற்றில் கூர்மையான சீழ்க்கை கேட்கும். சாய்ந்து போனால் வாள் கையில் நடுங்கும், சத்தம் மந்தமாக இருக்கும். ஒரு பக்கம் 50 வீச்சு, மறு பக்கம் 50 வீச்சு, மெதுவாக. வேகத்தைக் கூட்டுவது அதன் பிறகு. அனுபவமுள்ள ஆசிரியர் உடனிருந்தால் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலையோ வாழைத்தண்டையோ நிஜ வாளால் வெட்டிப் பார்க்கலாம். பாட்டில் பறந்து விழுந்தால் விளிம்பு கோணியிருக்கிறது. இரண்டு துண்டாகி அடிப்பாகம் நின்ற இடத்திலேயே நின்றால் வெட்டு சரி. வெட்டு முடியும்போது உங்கள் முன்காலின் முழங்கால் வாளின் பாதையில் இருக்கக்கூடாது. வெட்டுச் சோதனையில் தொடக்கநிலையாளர்கள் தங்களையே காயப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

இனி நீங்கள் சொன்ன மூன்று டிரில்கள்.

சினவாலி இரண்டு கம்புகளை மாறி மாறி வீசும் டிரில். அது இரு கைகளையும் ஒன்றுசேர்க்கும், இடுப்பைத் திருப்பப் பழக்கும், இடது கையை வலதுக்கு நிகராக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். அதில் கெட்டுப்போவது தூரம். இருவரும் கம்போடு கம்பு மோதுவதில் சுகம் கண்டு ஓர் அடி பின்னால் நின்றுவிடுகிறார்கள். கம்புகள் நடுவெளியில் சந்திக்கும், யாருடைய அடியும் யாரையும் எட்டாது. இதற்கு ஒரு சோதனை: இருவரும் கம்பிவலை மாஸ்க் அணிந்துகொண்டு பாதி வேகத்தில் ஆடுங்கள். எதிரில் இருப்பவர் சொல்லாமல் ஒரு முறை தன் கம்பை விலக்கிக்கொள்ளட்டும். உங்கள் கம்பின் நுனிப் பகுதி ஒரு சாண் அளவுக்கு அவர் மாஸ்க்கில் விழ வேண்டும். காற்றில் போனால் இத்தனை நாளும் கம்பைத்தான் அடித்துக்கொண்டிருந்தீர்கள்.

சும்ப்ராடாவில் ஒருவர் அடிக்க, மற்றவர் மறைத்து, அதாவது அடியைத் தடுத்து, திருப்பி அடிக்க, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மறைப்பும் அடியும் ஒரே மூச்சில் வருவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் இருவரும் ஒரே இடத்தில் நட்டுவைத்த மாதிரி நிற்பார்கள், அடி முடிந்த பிறகு அடுத்தவருக்காகக் காத்திருப்பார்கள், விளிம்போடு விளிம்பு முட்டுவார்கள். மூன்றுக்கும் மருந்து உண்டு. முதலில் காலடி: ஒவ்வொரு மறைப்போடும் முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்குக் கால் போக வேண்டும். தரையில் டேப்பால் தோளகலத்தைவிடச் சற்றுப் பெரிய முக்கோணம் ஒட்டி வைத்தால் பொய் சொல்ல முடியாது. அடுத்து மறைப்பு: எதிர் விளிம்பை உங்கள் வாளின் தட்டைப் பக்கம் சந்தித்துச் சறுக்கிவிட வேண்டும், நிறுத்தி வைக்கக்கூடாது. இடது உள்ளங்கையைக் கம்பின் நடுவில் வைத்துத் தாங்கும் மறைப்பை, முதுகுப்பக்கம் மழுங்கிய ஒற்றை விளிம்பு போலோவில் செய்யலாம். இருபுறமும் கூரான காலிஸ் வாளில் செய்தால் உள்ளங்கை போகும். மூன்றாவது, உடைப்பு: எந்தச் சுற்றிலும் எந்த இடத்திலும் ஒருவர் வரிசையை மீறி வேறு கோணத்தில் அடிக்க உரிமை கொடுங்கள். அந்தக் கணமே சும்ப்ராடா உயிர்பெறும். வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

ஹுபுட் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சந்திப்பது, கடத்துவது, அழுத்திவிட்டுத் திருப்பி அடிப்பது என்ற மூன்று தட்டும் வெறுங்கையின் தொடு உணர்வை வளர்ப்பவை. அதைக் கையில் கத்தி கொடுத்து அப்படியே ஆடும்போது, எதிராளி நீட்டிய கையை நீங்கள் மூன்று தட்டையும் முடிக்கும் வரை அங்கேயே விட்டுவைப்பார் என்று உடம்பு நம்பத் தொடங்குகிறது. கத்தி வைத்திருப்பவர் அப்படி விட மாட்டார். குத்திய கை அதே வேகத்தில் பின்னால் போகும், போகும்போது உங்கள் முன்கையை வெட்டிக்கொண்டு போகும். சோதித்துப் பாருங்கள்: ரப்பர் கத்தியின் விளிம்பில் உதட்டுச் சாயமோ சாக்பீஸ் தூளோ பூசுங்கள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முழு வேகத்தில் இழுக்கும் கையோடு ஒரு நிமிடம் ஹுபுட் ஆடுங்கள். முன்கைகளில் விழும் கோடுகளைப் பார்த்த பிறகு விளக்கம் தேவைப்படாது. கத்திக்கான ஹுபுட்டில் முதல் தொடுதல் உங்கள் கத்தியின் விளிம்பு அவர் முன்கையில் படுவதாக இருக்க வேண்டும். உங்கள் வெறுங்கை வந்தால் முழங்கைக்கு அருகே, அவர் கையின் வெளிப்பக்கத்தில் வரட்டும்.

எந்த டிரிலையும் வாழவைப்பதும் கெடுப்பதும் ஊட்டுபவர்தான், அதாவது முதல் அடியைக் கொடுப்பவர். கை வெட்டுப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதல் கோணத்தில், வலமிருந்து இறங்கும் சாய்வெட்டாக, உங்கள் கழுத்தை நோக்கி வருகிறார். நீங்கள் இடப்பக்கமாகச் சாய்ந்து பின்வாங்கி, அவர் மணிக்கட்டை வெட்டுகிறீர்கள். அவர் நிஜமாகவே கழுத்தை எட்டும் தூரத்துக்குக் காலெடுத்து வந்தால்தான் இது பயிற்சி. அன்பின் மிகுதியால் அரையடி குறைத்து வீசினால், உங்களை எட்டாத ஒரு கையை வெட்டப் பழகுகிறீர்கள். ஸ்பாரிங்கில் அவர் உண்மையாக எட்டி வரும்போது உங்கள் கணக்கு முழுவதும் பிசகும். ஆகவே விதி இது: நீங்கள் அசையாமல் நின்றால் அந்த அடி உங்கள் மேல் பட வேண்டும். வேகத்தைக் குறைக்கலாம், தூரத்தைக் குறைக்கக்கூடாது. கூடத்தில் நல்ல ஊட்டுபவர் ஒருவர் உருவானால் பத்துப் பேர் முன்னேறுவார்கள். ஆசிரியர்கள் இதைத் தனிப் பாடமாகவே நடத்த வேண்டும்.

இப்போது நடுப்படிகள். கோணமும் நேரமும் தெரிந்த அடியில் தொடங்குங்கள். அது நன்றாக வந்ததும் கோணம் தெரியும், நேரம் தெரியாது என்று மாற்றுங்கள். ஊட்டுபவர் ஐந்து விநாடியும் காத்திருக்கலாம், உடனேயும் வரலாம். அடுத்து இரண்டு கோணங்களில் ஒன்று: வலச் சாய்வெட்டு அல்லது இடச் சாய்வெட்டு. பிறகு ஊட்டுபவருக்குப் போக்குக் காட்டும் உரிமை. அதன் பிறகு அவர் முதல் அடி தவறினால் இரண்டாம் அடி தொடரும் உரிமை. பெரும்பாலோர் சறுக்குவது இந்தப் படியில்தான், ஏனென்றால் அவர்கள் டிரில்கள் எல்லாம் முதல் அடியோடு முடிபவை. கடைசியாக, வாங்குபவருக்கும் முந்திக்கொள்ளும் உரிமை: ஊட்டுபவர் காலைத் தூக்கும்போதே கையை வெட்டலாம். இந்த இடத்துக்கு வந்தபோது நீங்கள் ஏற்கெனவே ஸ்பாரிங் செய்துகொண்டிருக்கிறீர்கள், பெயர்தான் இன்னும் வைக்கவில்லை.

எப்போது அடுத்த படிக்குப் போவது? பத்து முயற்சியில் எட்டு சரியாக வந்தால் ஏறலாம். ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். பத்தும் சரியாக வந்துகொண்டே இருந்தால் அந்தப் படியில் இனி கற்க ஒன்றுமில்லை, அங்கே நிற்பது பொழுதுபோக்கு. இதை மிக நீளமான டிரில்களுக்குச் செய்ய வேண்டாம். ஓர் அடி, ஒரு பதில், அதைத் தொடர்ந்து வெளியேறுதல் என்ற அளவே போதும். வெளியேறுதலைச் சேர்த்தே பழகுங்கள். வெட்டிவிட்டு அங்கேயே நிற்பவர்தான் பதிலடியில் மாட்டுகிறார்.

மெது ஸ்பாரிங் இன்னொரு நல்ல கருவி, ஆனால் கெட்டுப்போவது எளிது. இருவரும் நான்கில் ஒரு பங்கு வேகத்தில் நகர்கிறார்கள். ஆபத்து தெரிந்ததும் ஒருவர் மட்டும் திடீரென வேகமெடுத்து மறைத்துவிடுவார். அந்த நொடியில் பயிற்சி செத்துவிட்டது. மூன்றாம் ஆள் ஒருவர் வெளியே நின்று இதை மட்டும் கவனித்துச் சொன்னால் சரியாகும். மெது ஸ்பாரிங்கில் அடிபட்டவர் நின்று, எங்கே கால் வைத்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று பார்த்துவிட்டுத் தொடர வேண்டும்.

உபகரணம். கண் பாதுகாப்பு டிரிலுக்கும் வேண்டும், ஸ்பாரிங்குக்கு மட்டும் அல்ல. பிரம்பு நார்நாராகப் பிரியும்போது சிம்பு தெறிக்கும், கம்பு கையை விட்டு நழுவவும் செய்யும். பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி விலை அதிகமில்லை. பிரம்பு பிரியத் தொடங்கினால் டேப் சுற்றிப் பயன்படுத்தலாம், நடுவில் மெத்தென்று ஆனதும் தூக்கிப்போடுங்கள். காமகோங் போன்ற கருமரக் கம்புகளைத் தனிப்பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவை பிரம்பைப் போல் நார்நாராகாமல் துண்டாக உடைந்து பறக்கும், கையில் பட்டால் எலும்பு தாங்காது. அலுமினியப் பயிற்சி வாள்கள் ஒன்றோடொன்று மோதியதும் விளிம்பில் பிசிறு எழும். அந்தப் பிசிறு தோலைக் கிழிக்கும். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

மாஸ்க் விஷயத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஃபென்சிங் மாஸ்க்கில் 350 நியூட்டன், 1600 நியூட்டன் என்று எழுதியிருப்பது கழுத்துப்பகுதித் துணி குத்தைத் தாங்கும் வலிமை பற்றியது. மழுங்கிய கனத்த அடியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்த மாஸ்க்குக்குப் பின்தலைக் காப்பும் கிடையாது. ஆகவே மேலே தடித்த உறை, பின்தலைக்குத் தனிக் காப்பு, தொண்டைக்குக் கடினமான கழுத்துக் காப்பு மூன்றும் சேர வேண்டும். கம்பி வலை உள்ளே மடங்கியிருந்தால், துரு ஏறியிருந்தால், அந்த மாஸ்க் ஓய்வு பெற்றுவிட்டது. போட்டிகளில் அணியும் அகலக் கம்பிக் கிராதி ஹெல்மெட்டை ரப்பர் கத்தியோடும் மெல்லிய நைலான் வாளோடும் ஒருபோதும் அணியாதீர்கள். முனை கம்பிகளுக்கு நடுவே நுழைந்துவிடும். அது பருமனான கம்புக்கென்று செய்தது.

கைக்கு ஹாக்கி அல்லது லக்ரோஸ் கையுறை சுமாராகப் போதும், ஆனால் கட்டைவிரல் நுனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பின் மேல் கட்டைவிரலை நீட்டிப் பிடிப்பவர்களுக்கு அது முறியும். சுற்றிப் பிடியுங்கள், அடியில் இரண்டு மூன்று விரல் அளவு புன்யோ வெளியே இருக்கட்டும். முழங்கை, முழங்கால், அடிவயிற்றுக் காப்பு கட்டாயம்.

ஸ்பாரிங் விதிதான் உங்கள் பழக்கத்தைச் செதுக்குகிறது, ஆசிரியர் சொல்லும் வார்த்தைகளைவிட. 1989-ல் செபுவில் தன் முதல் உலகப் போட்டியை நடத்திய வெகாஃப் என்ற உலக எஸ்க்ரிமா-காலி-அர்னிஸ் கூட்டமைப்பின் முறையில், உடல் முழுக்கக் காப்பணிந்து, பிரம்பால் ஒரு நிமிடச் சுற்றுகளில் மோதுவார்கள். அடிகளின் வேகமும் எண்ணிக்கையும் அங்கே பேசும். மூச்சும் தோள் வலிமையும் அபாரமாக வளரும். ஆனால் இருவரும் ஒரே சமயத்தில் தலையில் அடித்துக்கொண்டே இருப்பதைத் தடுக்க அதில் அதிகம் இல்லை. அமெரிக்காவில் 1980-களில் உருவான டாக் பிரதர்ஸ் குழு, ஃபென்சிங் மாஸ்க்கும் இலேசான கையுறையும் மட்டும் அணிந்து பிரம்பால் மோதியது. பயத்தை எதிர்கொள்ளவும், கட்டிப்பிடிச் சண்டைக்குள் நுழையவும் அது சிறந்த பள்ளி. ஓரடி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைவது அங்கே நியாயமான முடிவு. வாளென்றால் நுழைபவர் கையையோ கழுத்தையோ விலையாகக் கொடுப்பார். இரண்டுமே மதிக்கத்தக்க முறைகள். ஆனால் உங்கள் நோக்கம் வாள் என்றால் வாளுக்கான விதி வேண்டும்.

அந்த விதியை இப்படி அமைக்கலாம். முதல் தொடுதலோடு அந்த மோதல் நிற்கும், ஆனால் அடிபட்டவருக்கு ஓர் அடிவைப்பு நேரத்துக்குள் பதிலடி கொடுக்க உரிமை உண்டு. பதிலடி பட்டால் முதல் புள்ளி ரத்து. இந்த ஒரு விதியே, வெட்டிவிட்டு மறைத்துக்கொண்டு வெளியேறும் பழக்கத்தைக் கொண்டுவரும். இருவரும் ஒரே கணத்தில் பட்டால் இருவருக்கும் தோல்வி. மூன்று இரட்டை அடி வந்தால் அந்த ஆட்டமே கலைக்கப்படும், யாரும் ஜெயிக்கவில்லை. வாள் பிடித்த கையில் பட்ட வெட்டுக்குத் தலைக்கு நிகரான புள்ளி. இடது கையில் பட்டால், அந்த ஆட்டம் முடியும்வரை அந்தக் கை முதுகுக்குப் பின்னால் போகும். தட்டையால் பட்ட அறைக்குப் புள்ளி இல்லை. இதற்காகவே ஸ்பாரிங்குக்கு உருண்டைக் கம்பை விட்டுத் தட்டை வடிவ நைலான் வாளோ, நீள்வட்டக் குறுக்குவெட்டுள்ள பஞ்சு வாளோ எடுப்பது நல்லது. பஞ்சுக் கம்பு மிக இலேசு, நிஜத்தில் வராத திருப்பங்களை அது அனுமதிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இரட்டை அடிதான் இந்தப் பயிற்சியின் நோய். நீங்கள் கேள்வியில் சொன்னதும் அதுவே. அது வரும் காரணங்கள் வேறு வேறு, மருந்தும் வேறு. எதிராளி ஏற்கெனவே அடிக்கத் தொடங்கிய பிறகு நீங்களும் தொடங்கினால் அது நேரத் தவறு. அதற்கு முந்திக்கொள்ளும் படியிலும், ஒரு கணம் விட்டுக்கொடுத்துப் பின்னால் போய்த் திருப்பி வெட்டும் படியிலும் திரும்ப உழைக்க வேண்டும். சரியான நேரத்தில் அடித்தும் இருவரும் பட்டால், உங்கள் கால் நேர்க்கோட்டிலேயே உள்ளே போயிருக்கும். அது கோண விலகலின் குறை, முக்கோணத்துக்குத் திரும்புங்கள். அடித்த பிறகு பதிலடியில் மாட்டினால் வெளியேறும் கால் தாமதம். ஒவ்வொரு ஸ்பாரிங்குக்குப் பிறகும் மூன்றில் எது என்று இருவரும் சொல்லிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோ இதற்கு நல்ல சாட்சி.

கால் வெட்டு பற்றி ஒரு சொல். உங்கள் எட்டுத் தூரம் தோள் உயரத்தில்தான் மிக அதிகம். தாழ்வாக வெட்டும்போது ஒரு சாணுக்கு மேல் இழக்கிறீர்கள். முட்டியை வெட்ட வருபவரின் தலை உங்கள் எட்டுத் தூரத்துக்குள் தானாக வந்துவிடும். முன்காலைப் பின்னுக்கு இழுத்து அதே கணம் கையையோ தலையையோ வெட்டுவதுதான் பதில். ஆனால் எதிராளி மேலுடம்பில் கவசம் அணிந்திருந்தால் கணக்கு மாறும். 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்தான் தீவுக் கரையில் உள்ளூர்த் தலைவர் லாபுலாபுவின் ஆட்கள், ஸ்பெயினுக்காகக் கப்பலில் வந்த மெகல்லனின் படையோடு மோதினார்கள். ஸ்பானியர் உடலைக் கவசம் மூடியிருந்ததால் காலையே குறிவைத்தார்கள் என்று மெகல்லனோடு பயணித்த பிகாஃபெத்தா எழுதியிருக்கிறார். மெகல்லன் சாய்ந்ததுகூட இடது காலில் பெரிய வாள்வெட்டு விழுந்த பிறகுதான்.

கத்திக்கு வருவோம், சுருக்கமாக. கத்தி ஸ்பாரிங்கில் இரட்டை அடியைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. அதை ஒத்துக்கொண்டு தொடங்குங்கள். எட்டத்தில் கை வெட்டு விளையாட்டு பயனுள்ளது: இருவரும் முழங்கைக்குக் கீழ் மட்டுமே தொடலாம், 1 நிமிடச் சுற்று. கையை இழுக்கும் வேகமும் கண்ணும் வளரும். ஆனால் தாக்குதல் என்று வரும்போது யாரும் ஒரே ஒரு நீண்ட குத்தைக் கொடுத்துவிட்டு நிற்பதில்லை. இடது கையால் சட்டையைப் பற்றிக்கொண்டு வலது கையால் தொடர்ந்து குத்துவார்கள். அதையே பயிற்சியாக்குங்கள்: மெத்தைக் கத்தி, மாஸ்க், 10 விநாடி மட்டும். வாங்குபவரின் வேலை இரு கைகளாலும் கத்திக் கையின் மணிக்கட்டையும் முழங்கைப் பக்கத்தையும் பற்றி, மார்போடு ஒட்டி, எதிராளியைச் சுவரில் தள்ளிச் சமநிலை குலைப்பது. டுமோக் என்ற பிலிப்பைன்ஸ் மற்போர்ப் பிடிகள் இங்கே நேராக உதவும். பறிப்பு மூன்றாவது கவலை. முதலில் கத்தி நிற்க வேண்டும், அடுத்து உங்கள் கால் நிலையாக நிற்க வேண்டும். இந்த 10 விநாடியை நான்கு முறை செய்தால் பலருக்கு மூச்சு போய்விடும், அதற்கு மேல் அந்த வகுப்பில் வேண்டாம்.

வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கட்டு, தோள் சூடேற்றத்துக்கு 10 நிமிடம், தனியாக வீச்சும் காலடியும் 15, தொடர் டிரில்களுக்கு 15-க்கு மேல் கொடுக்க வேண்டாம். மீதியில் பெரும்பங்கு, 30 நிமிடமாவது, நடுப்படிகளுக்கு. ஸ்பாரிங் 15, கடைசியில் பேச்சு. உங்கள் கூடத்தில் தொடர் டிரில் ஒரு மணி நேரம் ஓடுகிறதென்றால், ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்டு, வகுப்பு முடிந்த பிறகு ஒருவரோடு 20 நிமிடம் நடுப்படிகளைத் தனியாகச் செய்யத் தொடங்குங்கள். ஆட்சேபிக்கும் ஆசிரியர்கள் குறைவு.

தலையில் அடி விழும் முழுவேக ஸ்பாரிங்கை வாரம் ஒரு வகுப்புக்கு மேல் வைக்காதீர்கள். மாஸ்க் தோலைக் காக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. அடிபட்ட பிறகு தலைவலி, குமட்டல், கண் மங்கல், குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்று அந்த ஆளுக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவர் பார்க்க வேண்டும், அவர் சொல்லும்வரை மாஸ்க் மாட்டக்கூடாது. விரல் நுனி அடிபட்டுத் தானாக நிமிர மறுத்தால் தசைநாண் அறுந்திருக்கலாம். அதைச் சுளுக்கு என்று விட்டுவிட்டால் விரல் வளைந்தபடியே நின்றுவிடும், அதே நாளில் காட்டுங்கள்.